மார்கழிக் காலையில் டீசல் லாரி: குளிர்த் துவக்கம் பற்றிய விடைகளும் அவற்றின் எல்லைகளும்

காஞ்சிபுரத்தில் மார்கழி, தை மாத விடியற்காலையின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். இங்கே தண்ணீர் உறைவதில்லை, டீசல் கெட்டியாவதும் இல்லை. ஆனாலும் முந்தின இரவு நன்றாக ஓடி நின்ற வண்டி, காலையில் நாலைந்து முறை செல்ஃப் அடித்தும் பிடிக்காமல் வெள்ளைப் புகை கக்குவது இங்குள்ள பட்டறைகளுக்குப் பழகிய புகார். வாலாஜாபாத் வழியே கல்லும் மணலும் ஏற்றிப்போகும் டிப்பர்களுக்கும், பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறும் சரக்கு லாரிகளுக்கும் அது பொது.

இதே மாவட்டத்தின் ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகள் உருவாகின்றன. அங்கே கட்டப்படும் வண்டி காஞ்சிபுரத்துக் கத்திரி வெயிலில் ஓட வேண்டும். வாங்குபவரைப் பொறுத்து லடாக்கின் உறைபனியிலும் கிளம்ப வேண்டும். இரண்டு தேவையையும் ஒரே இன்ஜின் தாங்குவதற்கு எதை எப்படித் திருத்தி வைப்பது?

டீசல் இன்ஜினின் வயதே இந்தக் கேள்விக்கும் வயது. ருடால்ஃப் டீசலின் இன்ஜின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் முறையான சோதனையில் வென்றது. அன்றிலிருந்து பொறியாளர்களும் பட்டறைக்காரர்களும் ஓட்டுநர்களும் ஆளுக்கொரு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடைகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ஆறிய சிலிண்டருக்குள் நடப்பது

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி உண்டு. டீசலில் அது கிடையாது. காற்றை நெருக்கினால் சூடாகும். அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே குளிர்த் துவக்கம் என்பது அடிப்படையில் வெப்பக் கணக்கு.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்ப்ரஷன் விகிதம் 17 என்றும், உள்ளே வரும் காற்று 20 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். ஓடிச் சூடேறிய இன்ஜினில் இழப்பு குறைவு என்பதால் நெருக்கத்தின் முடிவில் காற்று 500 டிகிரியைத் தாண்டும். செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது நிலைமை வேறு. ஆறிய சிலிண்டர் சுவர் வெப்பத்தை உறிஞ்சுகிறது, ரிங் இடுக்கில் காற்று கசிகிறது. அப்போது எட்டுவது 375 டிகிரி அளவுதான். வெளிக்காற்றே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்றால், அதே இழப்போடு 285 டிகிரிக்குத்தான் போகும்.

ஆய்வுக்கூடத்தில் டீசல் தானே எரியத் தொடங்கும் வெப்பநிலை 210 முதல் 250 டிகிரி வரை என்பார்கள். அப்படியானால் 285 போதுமே என்று தோன்றும். ஆனால் சிலிண்டருக்குள் நேரமும் சேர்ந்தே கணக்கில் வருகிறது. வெப்பம் குறையக் குறைய, டீசல் பீய்ச்சியதற்கும் அது பற்றுவதற்கும் இடையிலுள்ள தாமதம் நீள்கிறது. நிமிடத்துக்கு 200 சுற்று என்ற வேகத்தில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரமே ஆகும். பிஸ்டன் உச்சியில் நிற்கும் பத்து டிகிரிக்குள், அதாவது சுமார் 8 மில்லிசெகண்டுக்குள், டீசல் பற்றியாக வேண்டும். பற்றாவிட்டால் பிஸ்டன் இறங்கிக் காற்றைக் குளிர வைத்துவிடும். எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும்.

மெதுவாகச் சுற்றினால் நேரம் கூடும். கூடவே வெப்ப இழப்பும் கூடும். வேகமாகச் சுற்றினால் இழப்பு குறையும், நேரமும் குறையும். இந்த இழுபறிதான் பின்வரும் எல்லா விடைகளுக்கும் அடியில் இருக்கிறது. மலைமேல் சிக்கல் இன்னும் இறுகும். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் காற்றழுத்தம் கடல்மட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்று மெலிந்தால் நெருக்கத்தின் முடிவில் அழுத்தமும் குறையும், பற்றும் தாமதமும் நீளும்.

முதல் விடை: நெருக்கம் போதும்

கம்ப்ரஷனை உயர்த்திவிட்டால் வேறு துணையே வேண்டாம் என்பது டீசலின் மூல எண்ணத்துக்கு நெருக்கமான விடை. எரிப்பறை ஒரே கிண்ணமாக, வெப்பம் தப்பிக்க வழி குறைவாக இருந்தால், சாதாரண விகிதத்திலேயே இன்ஜின் பற்றும் என்பது நேரடிப் பீய்ச்சல்காரர்களின் வாதம். எம்.ஏ.என். நிறுவனம் 1924-இல் நேரடிப் பீய்ச்சல் டீசல் லாரியைக் காட்டியது. பின்னாளில் பிரிட்டனின் லேலண்ட் அந்த வழியில் உறுதியாக நின்றது.

சென்னை எண்ணூரில் 1950-களில் ஒருங்கிணைக்கப்பட்ட லேலண்ட் காமெட் வண்டிகள் வழியே இந்த மரபு தமிழ்நாட்டுக்கு வந்தது. ஹீட்டர் பிளக் இல்லை, காத்திருப்பு இல்லை. செல்ஃப் அடித்தால் பிடிக்க வேண்டும். நம் தட்பவெப்பத்துக்கு இது பொருந்தியது. லேலண்ட் வண்டியில் பழகிய ஒரு தலைமுறை ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் வண்டி கிளம்பும் என்பதைப் பால பாடமாகவே கொண்டார்கள்.

இதன் பலவீனம், இன்ஜின் புதிதாக இருக்கும் வரைதான் இந்த விடை முழு உண்மை என்பது. ரிங்கும் லைனரும் தேய, வால்வு இருக்கை கசிய, விகிதம் காகிதத்தில் மட்டும் அப்படியே நிற்கும். மேலும் கம்ப்ரஷனை உயர்த்தினால் உச்ச அழுத்தமும் உராய்வும் உயரும். செல்ஃப் மோட்டாரின் சுமையும் கூடும்.

இன்றைக்கு வடிவமைப்பாளர்கள் எதிரெதிர்த் திசைகளில் போகிறார்கள். மாஸ்தா 2012-இல் கார்களுக்குக் கொண்டுவந்த டீசல் இன்ஜினில் விகிதம் 14 மட்டுமே. குளிரில் அது கிளம்புவதற்காகச் செராமிக் ஹீட்டர் பிளக்கையும், சூடான புகைவாயுவின் ஒரு பகுதியைச் சிலிண்டருக்குள் திருப்பி இழுக்கும் வால்வு ஏற்பாட்டையும் சேர்த்தார்கள். ஸ்கேனியா 2021-இல் வெளியிட்ட 13 லிட்டர் லாரி இன்ஜினிலோ விகிதம் 23. முன்னது உராய்வையும் நச்சுவாயுவையும் குறைக்கப் பார்த்தது. பின்னது டீசல் சிக்கனத்துக்காக உயரே போனது. இரண்டிலுமே கம்ப்ரஷன் விகிதம் குளிர்த் துவக்கத்தை முதன்மையாக வைத்து முடிவானதாகத் தெரியவில்லை. நெருக்கத்தின் அளவை வேறு காரணங்கள் தீர்மானிக்கின்றன; குளிர்த் துவக்கம் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

இரண்டாம் விடை: சூட்டை வெளியிலிருந்து கொடு

பென்ஸ் நிறுவனத்தில் ப்ராஸ்பர் லோராஞ்ச் 1909-இல் காப்புரிமை பெற்ற முன்னறை அமைப்பு, டீசல் இன்ஜினைச் சிறிதாகவும் மென்மையாகவும் ஆக்கியது. ஆனால் ஒடுங்கிய வாய் கொண்ட முன்னறையில் வெப்பம் வேகமாகச் சுவரில் இறங்கிவிடும். கம்ப்ரஷன் விகிதம் 20-ஐ ஒட்டி இருந்தும் இத்தகைய இன்ஜின்கள் ஆறிய நிலையில் துணையின்றிப் பிடிக்கத் தயங்கின. அறைக்குள்ளேயே ஒரு மின்கம்பியைப் பழுக்க வைக்கும் ஹீட்டர் பிளக் இந்தத் தேவையிலிருந்து வந்தது. ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் உருவான டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரிகளின் ஓ.எம். 312 இன்ஜின் முன்னறை வகை. அன்றைய இந்தியச் சாலையில் லேலண்டும் டாடாவும் இரண்டு நிறுவனங்களாக மட்டும் ஓடவில்லை. குளிர்த் துவக்கம் பற்றிய இரு தத்துவங்களாகவும் ஓடின.

பழைய பிளக்குகள் பழுக்க அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். இன்றைய செராமிக் பிளக் சில விநாடிகளில் 1,000 டிகிரியை எட்டும். பெரிய லாரி இன்ஜின்கள் பெரும்பாலும் வேறு உத்தியைப் பின்பற்றுகின்றன. காற்றுக்குழாயில் மின்சுருளை வைத்து, உள்ளே போகும் காற்றையே சூடாக்குகின்றன. பெர்கின்ஸ் இன்ஜின்களில் இருந்த ‘தெர்மோஸ்டார்ட்’ இன்னும் எளிமையானது. காற்றுக்குழாயில் சிறிது டீசலை எரித்து அந்தச் சூட்டை உள்ளே அனுப்பும். எரியும் துணியைக் காற்று வாயில் காட்டிக் கிளப்பும் பட்டறை வழக்கமும் இதே எண்ணத்தின் பாதுகாப்பற்ற வடிவம்தான்.

சென்னையை அடுத்த ஆவடியில் கட்டப்பட்ட டி-72 டாங்கியில் இந்த விடை அதன் எல்லைவரை போயிருக்கிறது. கிளப்புவதற்கு முன் குளிர்நீரையும் எண்ணெயையும் சூடாக்கத் தனிக் கொதிகலன் அதில் உண்டு. மின்சாரம் கைவிட்டால் அழுத்தக் காற்றால் சுழற்றவும் வழி உண்டு. ரஷ்யக் குளிர்காலத்தை நினைத்து வரையப்பட்ட இன்ஜின் அது.

சூட்டு விடையின் பலவீனம் மின்சாரம். பாட்டரி மிகவும் சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் அதனிடமிருந்து மிக அதிகம் கேட்கிறோம். இரண்டாவது பலவீனம், இது நோயை மறைக்கும் என்பது. தேய்ந்த இன்ஜினை ஹீட்டர் கொஞ்ச காலம் கிளப்பிக் கொடுக்கும். உரிமையாளர் விழித்துக்கொள்ளும்போது தேய்மானம் முற்றியிருக்கும்.

மூன்றாம் விடை: அளவும் நேரமும்

லாரி இன்ஜினை ‘ட்யூன்’ செய்வது என்றதும் பட்டறையில் எவரும் நினைப்பது இதைத்தான்: பம்ப் எவ்வளவு டீசல் கொடுக்கிறது, எப்போது கொடுக்கிறது. பாஷ் நிறுவனம் 1927-இல் வரிசைப் பம்பைத் தொழிற்சாலை உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே இந்த இரண்டையும் துல்லியமாகத் திருத்த முடிந்தது. இந்தியாவில் 1951-இல் தொடங்கிய பெங்களூரின் மைக்கோ நிறுவனம் அந்தப் பம்புகளை நாடெங்கும் பழக்கியது. பம்ப் காலிபிரேஷன் கடை என்ற தனித் தொழில் தமிழ்நாட்டு நெடுஞ்சாலை ஊர்களில் வேரூன்றியதும் அதன் தொடர்ச்சி.

அளவைப் பொறுத்தவரை, கிளப்பும்போது மட்டும் கூடுதல் டீசல் தரும் ஏற்பாடு பழைய பம்புகளிலேயே உண்டு. ஆறிய சிலிண்டரில் பீய்ச்சியதில் ஒரு பகுதிதான் ஆவியாகும் என்பதால், கூட்டிக் கொடுத்தால் ஆவியாகும் பங்கும் கூடும் என்பது அதன் நியாயம். அளவு மீறினால் ஆவியாகும் டீசலே சூட்டைக் குடித்துவிடும். எஞ்சியது லைனரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் இறங்கும். வண்டி கிளம்புவதற்காக ஸ்க்ரூவைத் திருகி அளவைக் கூட்டி வைப்பது, பகல் முழுவதும் கரும்புகையாகவும் டீசல் செலவாகவும் திரும்பி வரும்.

நேரத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு இன்னும் நுட்பமானது. குளிரில் பற்றும் தாமதம் நீள்வதால் டைமிங்கை முன்தள்ள வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. எதிர்க்கட்சியும் வலுவானது: சீக்கிரம் பீய்ச்சினால் டீசல் இன்னும் நெருங்காத, குளிர்ந்த காற்றில் போய் விழும், உச்சிக்கு அருகில் பீய்ச்சினால்தான் அதிகபட்சச் சூடு கிடைக்கும். இரண்டும் வெவ்வேறு கட்டங்களைப் பேசுகின்றன என்று கொள்வதே பொருத்தம். செல்ஃப் சுழற்றும் மெதுவான சுற்றில் உச்சிக்கு அருகிலான பீய்ச்சல் உதவும். இன்ஜின் பிடித்து வேகமெடுத்ததும் மில்லிசெகண்டுகள் சுருங்கிவிடுவதால், அப்போது முன்தள்ளல் தேவைப்படும். வெள்ளைப் புகையும் அதில்தான் அடங்கும். சுழல்வகைப் பம்புகளில் குளிருக்கெனத் தனி முன்தள்ளும் கருவி சேர்க்கப்பட்டது இந்த இரண்டாம் கட்டத்துக்காகவே. ஒரே நிலையான டைமிங் கொண்ட பழைய பம்பால் இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த இயலாது. அங்கே ட்யூனிங் என்பது எப்போதும் சமரசம்.

எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாயான காமன் ரெயில் வந்த பிறகு இந்தச் சமரசம் பெருமளவு தளர்ந்தது. ஒரே சுற்றில் டீசலைத் துளித்துளியாகப் பல தவணைகளில் கொடுக்கலாம். முதல் சிறு தவணைகள் மெல்லப் புகைந்து அறையைச் சூடேற்ற, முக்கியத் தவணை பற்றிக்கொள்ளும். குளிர்நீர்ச் சென்சார் சொல்லும் வெப்பநிலைக்கேற்பக் கணினி அளவையும் நேரத்தையும் மாற்றும். பலவீனமும் அதே இடத்தில்தான். சென்சார் பொய் சொன்னால் கணினியும் பொய்யை நம்பும். ரெயிலில் குறைந்தபட்ச அழுத்தம் ஏறும்வரை இன்ஜெக்டர் திறக்கவே திறக்காது. தேய்ந்த இன்ஜெக்டர் ரிட்டர்ன் வழியே டீசலைக் கசியவிட்டால், செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் அழுத்தம் சேராது. பழைய வண்டி புகைந்து புகைந்தாவது கிளம்பும்; இந்த வண்டி புகையே இல்லாமல் மௌனமாக நிற்கும்.

நான்காம் விடை: டீசலையே மாற்று

எளிதில் பற்றும் தன்மையைக் குறிப்பது சீட்டேன் எண். இந்தியாவில் அதன் குறைந்தபட்ச வரம்பு பாரத் ஸ்டேஜ் 3 காலத்திலிருந்து 51. சீட்டேன் கூடினால் பற்றும் தாமதம் குறையும், வெள்ளைப் புகையும் சீக்கிரம் அடங்கும் என்பதில் பொதுவான உடன்பாடு உண்டு.

கடுங்குளிரில் முன்னிற்கும் பிரச்சினை வேறு. டீசலிலுள்ள மெழுகு படிகமாகி ஃபில்டரை அடைத்துவிடும். ஐ.எஸ். 1460 தரநிலை இதற்காகக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வெவ்வேறு வரம்பு வைத்திருக்கிறது. ஃபில்டரை அடைக்கும் வெப்பநிலைக்குக் கோடையில் 18 டிகிரியும் குளிர்காலத்தில் 6 டிகிரியும் உச்சவரம்பு. கோடை டீசலை நிரப்பிக்கொண்டு வடக்கே போகும் தமிழ்நாட்டு லாரிக்கு இந்த இரண்டு எண்களின் பொருள் பெரிது. காஞ்சிபுரத்தில் குறையே சொல்ல முடியாத டீசல், பஞ்சாபின் ஜனவரி இரவில் ஃபில்டரில் தங்கிவிடலாம். பிரச்சினை எரிப்பறைவரை போவதே இல்லை. எந்த ட்யூனிங்கும் அங்கே எடுபடாது. லடாக்குக்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் அறிமுகம் செய்த குளிர்கால டீசல், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரிவரை ஓடும் தன்மையை இழப்பதில்லை.

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். மெழுகுப் பிரச்சினைக்கு அது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் சீட்டேனும் மசகுத்தன்மையும் குறையும்; டீசலின் வழுவழுப்பையே நம்பியிருக்கும் உயரழுத்தப் பம்ப் அதனால் தேயும். ஈதர் தெளிப்பது இன்னொரு வழி. ஈதர் 160 முதல் 180 டிகிரியிலேயே தானே எரியும் என்பதால் ஆறிய இன்ஜினையும் அதிரடியாகக் கிளப்பும். அதே அதிரடி ரிங்கை உடைக்கலாம். ஹீட்டர் பிளக்கோ காற்று ஹீட்டரோ சூடாக இருக்கும்போது தெளித்தால் காற்றுக்குழாயே வெடிக்கும் ஆபத்து உண்டு. இரண்டையும் பழக்கமாக்கக் கூடாது என்பதில் ஐயமில்லை.

ஐந்தாம் விடை: சுழலவிடு

எரிப்பைப் பற்றியே பேசுவது வீண், வேகமாகச் சுழன்றால் இன்ஜின் தானே பிடிக்கும் என்பது மின்பிரிவினரின் நிலைப்பாடு. அதற்கு வலுவான ஆதாரம் உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் ஈய-அமில பாட்டரி தன் வழக்கமான திறனில் ஏறத்தாழப் பாதியைத்தான் தரும். அதே நேரம் கெட்டியான எண்ணெயால் இன்ஜினைச் சுழற்றத் தேவைப்படும் விசை பன்மடங்காகும். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது.

எண்ணெயின் தர எண் இங்கே நேரடியாகப் பேசுகிறது. 15டபிள்யூ வகை எண்ணெயின் பிசுக்குத்தன்மை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் 7,000 சென்டிபாய்ஸைத் தாண்டக் கூடாது என்பது எஸ்.ஏ.இ. தரநிலை. 20டபிள்யூ எண்ணெயைக் கீழே 15 டிகிரியில் சோதிக்கிறார்கள், வரம்பு 9,500. பழைய லாரிகளில் பழகிய 20டபிள்யூ-40 நம் ஊருக்குப் போதும். மலைக்குப் போகும் வண்டிக்கு அது பாரம்.

இந்த விடையின் குறை, சுழற்சி தேவை என்றாலும் அது மட்டும் போதாது என்பது. டீசல் வராத இன்ஜினை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் பாட்டரிதான் தீரும்.

ஆறாம் விடை: ஆறவே விடாதே

பனிப்பிரதேசத்தில் இரவு முழுதும் இன்ஜினை ஓடவிடுவது ஓட்டுநர்களின் பழைய விடை. கனரக லாரி சும்மா நின்று ஓடினால் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் டீசல் போகும். சுமையில்லாத இன்ஜின் சூடேறாமல் கரியும் ஈரமும் சேர்த்துக்கொள்ளும். எண்ணெயில் டீசல் கலக்கும். மின்சார வசதியுள்ள வடநாடுகளில் இன்ஜின் பிளாக்கில் ஹீட்டர் பொருத்தி இரவில் பிளக்கில் மாட்டிவிடுவது இதற்கு நாகரிகமான மாற்று. மின்னிணைப்பே இல்லாத கணவாய்ச் சாலைகளில் இரண்டாவது வழி கிடைக்காது. முதல் வழியை ஒரேயடியாகக் குற்றம் சொல்லவும் முடியாது.

காஞ்சிபுரத்தில் குளிர் என்பது எது?

மேற்கண்ட ஆறும் குளிர்நாடுகளிலிருந்து பிறந்த விடைகள். 20 டிகிரிக் காலையில் அவற்றை அப்படியே பொருத்தினால் தவறான முடிவுக்கே வருவோம். முன்பு போட்ட கணக்கின்படி 375 டிகிரி என்பது நல்ல நிலையிலுள்ள நேரடிப் பீய்ச்சல் இன்ஜின் துணையின்றிக் கிளம்பப் போதுமான சூடு. அப்படியிருந்தும் வண்டி தினமும் மக்கர் செய்தால், தட்பவெப்பத்தைக் குற்றவாளி என்று சொல்ல இடமில்லை.

பட்டறை அனுபவம் இங்கே புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. இரவு முழுதும் நின்ற வண்டியில் டீசல் பைப்பின் ஏதோ ஒரு வாஷர் காற்று வாங்கியிருந்தால், பம்பிலிருந்து டேங்குக்கு டீசல் இறங்கியிருக்கும். காலையில் கைப்பம்ப் அடித்து ஏர் லாக் எடுத்தவுடன் வண்டி பிடித்தால் நோய் அங்கேதான். கைப்பம்ப் அடித்தும் வெள்ளைப் புகை மட்டும் வந்தால் நாசிலும் கம்ப்ரஷனும் சந்தேகத்துக்கு உரியவை. புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று பொருள். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுழன்றால் பாட்டரி டெர்மினலிலிருந்தும் எர்த் கேபிளிலிருந்தும் பார்வையைத் தொடங்க வேண்டும்.

ஆகவே சூடான ஊரில் குளிர்த் துவக்கச் சிரமம் ஒரு நோய்க்குறி. அதை ட்யூனிங் குறையாக எண்ணிப் பம்பைத் திருகுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் மாத்திரை போடுவதைப் போன்றது. இன்னொன்றும் உண்டு. வெயில் ஊர் இன்ஜினின் குறைகளை நெடுநாள் மன்னிக்கிறது. கம்ப்ரஷன் பாதி போன வண்டிகூடக் காஞ்சிபுரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதே வண்டி டிசம்பரில் வடக்கே போனால் முதல் இரவிலேயே அதன் உண்மை நிலை வெளிப்படும். மார்கழிக் காலையின் சிறு தயக்கத்தை அந்த நெடும்பயணத்துக்கான முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளும் உரிமையாளர் பெரும் செலவைத் தவிர்க்க வாய்ப்பு அதிகம்.

புகைச் சட்டம் மாற்றிய கேள்வி

நூறாண்டுகளாகக் கேள்வி, ‘பிடிக்குமா?’ என்பதாக இருந்தது. பாரத் ஸ்டேஜ் 6 நாடு முழுதும் அமலான 2020 ஏப்ரல் முதல் அது, ‘சூடேறும்வரை எவ்வளவு நச்சு வெளியேறும்?’ என்பதாகவும் மாறிவிட்டது. கனரக இன்ஜின்களுக்கான உலகப் பொதுச் சோதனைச் சுற்றில் ஆறிய நிலையில் ஒருமுறையும் சூடான நிலையில் ஒருமுறையும் இன்ஜினை ஓட்டுகிறார்கள். யூரோ 6 கணக்கில் ஆறிய ஓட்டத்துக்கு 14 விழுக்காடு எடை. அந்த ‘ஆறிய நிலை’ என்பது எண்ணெயும் குளிர்நீரும் 20 முதல் 30 டிகிரிக்குள் இருப்பது.

சட்டம் வரையறுக்கும் குளிர், காஞ்சிபுரத்தின் விடியற்காலைதான். நமக்குக் குளிர்த் துவக்கம் பொருட்டே இல்லை என்ற பழைய எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது.

காரணம் எரிப்பறைக்கு வெளியே இருக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் வினையூக்கிக் குடுவை ஏறத்தாழ 200 டிகிரிக்குச் சூடாகும்வரை யூரியாக் கரைசலைப் பீய்ச்சிப் பயனில்லை. ஒவ்வொரு நடையிலும் முதல் சில நிமிடங்கள் அந்தக் காவல் இல்லாமல் கழிகின்றன. அதைச் சுருக்க, இன்றைய கணினி டீசலைத் தாமதமாகப் பீய்ச்சியும் காற்றை நெறித்தும் புகையைச் சூடாக்குகிறது. வேண்டுமென்றே சிறிது டீசலை வீணாக்கிக் காற்றைக் காப்பாற்றுகிறது. அசோக் லேலண்ட் யூரியாவைக் குறைவாகப் பயன்படுத்தும் ‘ஐ-ஜென்6’ வழியைத் தேர்ந்தது. பாரத்பென்ஸ் பாரத் ஸ்டேஜ் 4 காலத்திலிருந்தே யூரியா வழியில் நின்றது. யூரியாக் கரைசல் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால், லடாக் போகும் லாரிக்கு அந்த டேங்கையும் சூடாக்க வேண்டும். பழைய ஆறு விடைகளோடு ஏழாவதாகப் புகைக்குழாயும் சேர்ந்துகொண்டது.

ஐரோப்பாவில் யூரோ 6-இன் பிந்தைய படிகள் சாலைச் சோதனையிலும் ஆறிய ஓட்டப் பகுதியைக் கணக்கில் சேர்த்தன. அடுத்தடுத்த விதிகளும் அந்தத் திசையிலேயே இறுகுகின்றன. அடிக்கடி நின்று நின்று கிளம்பும் குறுந்தூர டிப்பருக்கு இந்த முதல் நிமிடங்களின் பங்கு, நெடுந்தூர லாரியைவிட அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

மதிப்பீடு

ஆறு விடைகளையும் எதிரெதிராக நிறுத்தித் தீர்ப்புச் சொல்வது பயன் தராது. ஒவ்வொன்றும் வெப்பத்தையோ நேரத்தையோ எங்கிருந்தோ கடன் வாங்குகிறது. கம்ப்ரஷன் உராய்விடமிருந்தும், ஹீட்டர் பாட்டரியிடமிருந்தும், கூடுதல் டீசல் லைனரிடமிருந்தும், நின்றோடும் இன்ஜின் உரிமையாளரின் பணப்பையிலிருந்தும் வாங்குகின்றன. எந்தக் கடன் எங்கே தாங்கும் என்பதை ஊரும் ஓட்டமும் தீர்மானிக்கின்றன. லடாக்கில் டீசலின் தரமும் பாட்டரியும் முதலிடம் பெறும். காஞ்சிபுரத்தில் பராமரிப்பு முதலிடம் பெறும்; பம்பில் கைவைப்பது கடைசி இடத்துக்குப் போக வேண்டும்.

திறந்தே இருக்கும் கேள்விகள் மூன்று. முதலாவது, உயிரி டீசல். 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் 5 விழுக்காடு கலப்பை இலக்காக வைத்திருக்கிறது. பாமாயிலிலிருந்து வரும் உயிரி டீசல் 15 டிகிரியை ஒட்டியே கலங்கத் தொடங்கும். சிறு கலப்பில் நம் ஊருக்குக் கவலை இராது எனலாம். கலப்பு கூடி, லாரி வடக்கே போனால் நிலைமை எப்படியாகும் என்பதை அனுபவம்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, கம்ப்ரஷன் விகிதம் எந்தப் பக்கம் போகும் என்பது. 14-க்கும் 23-க்கும் இடையே தொழில் இன்னும் ஒரு மனதாகவில்லை. மூன்றாவது, தேய்ந்த காமன் ரெயில் லாரிகளின் காலைநேரப் புகையை யார், எப்படி அளப்பது என்பது. சோதனைச்சாலையில் புத்தம்புது இன்ஜின் நன்றாகவே நடந்துகொள்ளும். ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய டிப்பர், வாலாஜாபாத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் எப்படிக் கிளம்புகிறது என்பதே மக்களின் நுரையீரலுக்கு முக்கியம்.

அந்த மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லக்கூடிய அறிவின் ஒரு பகுதி ஒரகடத்தின் வடிவமைப்பு அறையில் இருக்கிறது. இன்னொரு பகுதி, புகையின் நிறத்தைப் பார்த்தே நாசிலா, கம்ப்ரஷனா, ஏர் லாக்கா என்று சொல்லும் நெடுஞ்சாலைப் பட்டறையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அளந்து எழுதிவைக்கும் வேலைதான் இன்னும் மீதமிருக்கிறது.